ஜன்னல் திறந்த பதினைந்து இரவுகள்

அக்டோபர் 19, 2024, சனி

கேட்டில் ஆட்டோவை நிறுத்தி எனக்கு ஒரு போட்டோ, மனைவிக்கு ஒன்று, ஆட்டோக்காரருக்கு ஒன்று, வண்டி நம்பருக்கு ஒன்று எடுத்தார்கள். பிறகு வீட்டுக்காரருக்கு ஓ.டி.பி. போயிற்று. அவர் இருப்பது சிங்கப்பூரில். அங்கிருந்து எண் வந்து, தடுப்புக் கம்பம் எழும்ப இருபது நிமிடம். ஆட்டோக்காரர் வெயிட்டிங் கேட்டார். நியாயம்தான், கொடுத்தேன்.

மகனுடைய சிநேகிதர் வீடு. அழகர்கோவில் சாலையில் கடச்சனேந்தல் தாண்டிக் கிழக்கே திரும்பினால் சற்று தூரம். ஏழு ஏக்கர், 62 வீடுகள். மொட்டைமாடியில் நின்றால் யானைமலை படுத்திருப்பது தும்பிக்கை வரை தெரிகிறது. "ரெண்டு வாரம் இருந்து பாருங்கப்பா. பிடிச்சிருந்தா அதே வரிசையில ஒண்ணு விலைக்கு வருது. தெற்குவாசல் வீட்டைக் குடுத்துட்டு வந்துருங்க" என்பது அவன் ஏற்பாடு.

அவன் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் ஆடியில், விடிகாலை கோலம் போடக் குனிந்தவள் கழுத்தில் பைக்கில் வந்த இருவர் கை வைத்தார்கள். தாலிக்கொடியில் பாதி போயிற்று, பாதி இவள் கையில் நின்றது. கழுத்தில் விழுந்த சிவப்புக் கோடு மறைய ஒரு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து இவள் கோலம் போடும்போது நான் படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். இருட்டில் என்ன பேப்பர் படிக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை.

இரவு பத்து மணி. படுக்கையறை ஜன்னலை விரியத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிறாள். நாற்பது வருஷத்தில் இதைப் பார்த்ததில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

காலை நடையில் மதிலைச் சுற்றி வந்தேன். எட்டடிச் சுவர், மேலே முள்கம்பிச் சுருள், முப்பதடிக்கு ஒரு கேமரா. வடகிழக்கு மூலையில் மட்டும் ஆளுயரத்துக்கு ஒரு தகரத் தட்டி. வீடு கட்டிய காலத்தில் சித்தாட்கள் வந்துபோன வழியாம். தட்டியைக் கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கிற பையன் வெளியிலிருந்து அதை அவிழ்த்து, உள்ளே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு, திரும்பவும் ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போனான். அதற்கு நேர் எதிரே கேமரா. வாட்ச்மேன் அறையில் அந்தத் திரை மட்டும் கறுப்பு. "அது மூணு மாசமா அப்படித்தான் சார்."

இவர்கள் இதை கேட்டட் கம்யூனிட்டி என்கிறார்கள். மதுரையில் இதற்குப் பழைய பெயர் காம்பவுண்டு. நான் பிறந்து வளர்ந்ததே ஒரு காம்பவுண்டு வீட்டில்தான். ஒரு வாசல், உள்ளே எதிரெதிராகப் பதினோரு குடித்தனம், ஒரு கிணறு, இரண்டு கக்கூஸ். இரவு பத்துக்கு வீட்டுக்காரத் தாத்தா கதவைச் சாத்துவார். இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போனவன் கதவைத் தட்டி வசவு வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். யார் வீட்டுக்கு யார் வந்தார், என்ன வாங்கி வந்தார், ஏன் முகம் வாடிப் போனார் என்பது பதினோரு குடித்தனத்துக்கும் தெரியும். மூச்சு முட்டும். அதைவிட்டு ஓடித்தான் தனி வீடு கட்டினேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஏழு மணிக்கு கேட்டில் வீட்டுவேலைப் பெண்கள் வரிசை. பக்கத்து ஊர்க்காரர்கள். ஒவ்வொருவரும் மெஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும். நம் வீட்டுக்கு வருகிற அம்மா நாலு தடவை வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்தார், வாயால் ஊதினார், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு ஏற்றிப் பார்த்தார். ஊஹும். விரலை வாங்கிப் பார்த்தேன். பாத்திரமும் சோப்புத் தூளும் தின்று நுனி வழவழவென்று கிடக்கிறது. ரேகையே இல்லை. கடைசியில் வாட்ச்மேன் நோட்டில் எழுதிக்கொண்டு அனுப்பினார்.

வாட்ச்மேனுக்கு ஐம்பத்தெட்டு வயது, உசிலம்பட்டிப் பக்கம். பகல் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். சொன்னார்: "எங்க தாத்தாகிட்ட ரேகை வாங்குனாங்க சார். இப்ப நான் வாங்குறேன்."

உசிலம்பட்டிச் சீமையில் ரேகைச் சட்டம் என்றால் இன்னும் எல்லாருக்கும் புரியும். குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. 1871இல் வடக்கே போட்ட சட்டம், 1911 திருத்தத்தோடு சென்னை மாகாணத்துக்கும் வந்து, பிரமலைக் கள்ளர் மீது ஊர் ஊராக ஏறியது. ஆண்கள் ரேகை பதிய வேண்டும், இரவில் போலீஸ் கண்காணிப்பில் கிடக்க வேண்டும். மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. 1947இல்தான் சட்டம் ஒழிந்தது.

அதற்கு முந்தைய காவல் கதை எனக்கு என் தாத்தா சொன்னது. சோழவந்தான் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. களத்தில் நெல் அளக்கும்போது காவல்காரருக்கு ஒரு பங்கு தனியாகக் குவிப்பார்களாம். மாடு களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விலை கொடுக்க வேண்டும். அந்த முறையில் மிரட்டலும் இருந்தது. துப்புச் சொல்லி மாட்டை மீட்டுத் தர துப்புக்கூலி என்று ஒன்று வாங்குவார்கள், சில சமயம் திருடியவனும் துப்புச் சொன்னவனும் சொந்தக்காரர்களாக இருப்பார்கள் என்று தாத்தாவே சிரிப்பார். ஆனால் போன பொருளுக்கு ஒருவர் பொறுப்பு.

இங்கே மாதப் பராமரிப்பு ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: உடைமை இழப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

"என்ன டிரெயினிங் குடுத்தாங்க?" என்று கேட்டேன். "காருக்கு சல்யூட் அடிக்கணும் சார். பைக்குக்கு வேணாம்." 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டமும் அதன் மாதிரி விதிகளும் காவலாளிக்கு நூறு மணி நேர வகுப்பும் அறுபது மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்கின்றன. அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது.

அக்டோபர் 23, புதன்

இவளுக்கு நாலு சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள். இரவு ஒன்பதரைக்கு, கழுத்தில் முழுக் கொடியோடு, தனியாக நடந்துவிட்டு வந்தாள்.

அக்டோபர் 25, வெள்ளி

மூன்று மணிக்கு வானம் கொட்டிவிட்டது. மதுரையில் இப்படி ஒரு மழையை நான் பார்த்து எத்தனையோ வருஷம். கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ., மொத்தம் 9.8 செ.மீ. என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர்.

இங்கே வெளியிலிருந்து வந்த வெள்ளம் குறைவு. உள்ளே பெய்தது வெளியே போகவில்லை. இந்த ஏழு ஏக்கரும் ஒரு காலத்தில் வயல். குறுக்கே ஓடிய பாசன வாய்க்காலை மதில் மறிக்கிறது. அடியில் கம்பிச் சட்டம் போட்டு இரண்டடி வழி விட்டிருக்கிறார்கள். அதில் பாலிதீன் பையும் தெர்மாகோலும் வாழைமட்டையும் அடைத்துக்கொள்ள, சுவர் கரையாகி நாங்கள் கண்மாய் ஆனோம். கரண்ட் போயிற்று. தடுப்புக் கம்பம் பாதியில் நின்றுவிட்டது. கேமராக்கள், மெஷின், போன் செயலி எல்லாம் செத்தன. நாலு மணிக்குக் கார் டயர் முங்கியது.

அடைப்பை எடுக்க யார் போனார்கள்? தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வாட்ச்மேன் மண்வெட்டியோடு போனார். வெளிப்பக்கமிருந்து எங்கள் வேலைக்கார அம்மாவின் வீட்டுக்காரரும், பந்து எடுக்க வந்த அந்தப் பையனும். தகரத் தட்டியை அவிழ்த்துத்தான் உள்ளே வந்தார்கள். நான் குடை பிடிக்கப் போய், குடை திரும்பிக்கொண்டு, உபயோகமில்லாமல் நின்றேன். ஐந்தரைக்குத் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இந்த ஊரின் இரவை யாமம் யாமமாகச் சொல்வார். கரிய உடையில், இடுப்பில் நூலேணி சுற்றிக்கொண்டு திருடர்கள் திரிவார்கள். அவர்களுக்குச் சமமான தந்திரம் தெரிந்த ஊர்க்காவலர் பின்னாலேயே போவார்கள். தெருவில் மழைநீர் திரண்டு ஓடுகிற நள்ளிரவிலும் அந்தக் காவலர் சோர்வில்லாமல் எழுந்து வருவதாகப் பாட்டு. படிக்கிற காலத்தில் அந்த இடத்தைப் புலவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்திருந்தேன்.

இன்று ஒரு ராத்திரி ஜன்னல் சாத்தியிருந்தது. சாரல்.

அக்டோபர் 27, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். தகரத் தட்டி மாட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை வெளியாட்கள் அதன் வழியே 'ஊடுருவியது' கேமரா ஓடாததால் பதிவாகவில்லையாம். மண்வெட்டியோடு ஊடுருவினார்கள் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கினேன். தட்டியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்புவது, சுவர் மேல் சோலார் மின்வேலி போடுவது, கிராமத்து ஆட்கள் பூங்காவைத் தாண்டி அக்கரை ரோட்டுக்குப் போவதை நிறுத்துவது என்று மூன்று தீர்மானம்.

மின்வேலி என்றதும் எனக்கு உத்தப்புரம் ஞாபகம் வந்தது. இந்த மாவட்டம்தான். 1989இல் எழும்பிய சுவர், தலித் மக்களை இந்தப் பக்கம் வராதே என்றது. பிறகு அதன் மேல் கம்பி போட்டு மின்சாரமும் பாய்ச்சினார்கள். 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. அந்தச் சுவரைக் கட்டியவர்களும் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் நல்லவர்கள், யாரையும் சாதி கேட்காதவர்கள். ஆனாலும் கேட்டில் கட்டைவிரல் வைக்கிறவர் யார், சல்யூட் வாங்குகிறவர் யார் என்று பார்த்தால் வரிசை மாறியதாகத் தெரியவில்லை.

அதை நான் பேசவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் பத்திரம் பேசினேன். இது டி.டி.சி.பி. அப்ரூவல் வாங்கிய மனைப்பிரிவு. அப்ரூவல் வாங்கும்போதே உள் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவென்றால் ரோடு போக மீதியில் பத்து சதவீதம் பூங்காவுக்கென்று ஒதுக்கி அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் நடக்கிற ரோடும் பேரன் ஊஞ்சலாடுகிற பூங்காவும் ஊராட்சிக்குச் சொந்தம். அடுக்குமாடி என்றால் கதை வேறு. இங்கே அந்த கேட்டே பொது ரோட்டின் குறுக்கே நிற்கிறது. ஊர்க்காரர் ஒருவர் மனுப் போட்டால் கழற்ற வேண்டி வரும்.

மின்விசிறிச் சத்தம் மட்டும். கடைசியில் ஒருவர் கேட்டார்: "அப்ப நாங்க சதுர அடிக்கு அம்புட்டு அதிகமா எதுக்குக் குடுத்தோம்?"

வீடு வந்ததும் இவள் சொன்னாள்: "ஏங்க, விருந்தாளியா வந்த இடத்துல வில்லங்க சர்ட்டிபிகேட் போட்டுட்டு வந்திருக்கீங்க."

அக்டோபர் 28, திங்கள்

தீபாவளித் துணிக்கு டவுனுக்குப் போனோம். விளக்குத்தூணில் இறங்கினால் கால் தானாக நகர்கிறது, நம் விருப்பம் கேட்பதில்லை. மைக்கில் போலீஸ்: "பொதுமக்கள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்." இவள் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டாள்.

அந்தத் தூணை நூறு தடவை கடந்திருப்பேன். இந்தப் பத்து நாளுக்குப் பிறகு இன்றுதான் நின்று பார்த்தேன். நாயக்கர் காலத்தில் இந்த ஊர் முழுக்கவே கேட்டட்தான். சுற்றிலும் கோட்டை, அகழி, 72 கொத்தளம். கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்று விசுவநாத நாயக்கர் பிரித்துக் கொடுத்ததாக வரலாறு. மூன்று நூற்றாண்டு போனதும் உள்ளே நெரிசல், அகழியில் சாக்கடை, காய்ச்சல். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க முடிவு செய்தார். கஜானாவில் காசு தேறவில்லை. சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடம் என்று அறிவித்தார். ஜனங்களே இடித்தார்கள். மதில் கிடந்த இடம்தான் இன்றைய வெளி வீதிகள். அளந்து கொடுத்த மாரெட்டுக்கு ஒரு வீதி, வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரிக்கு ஒரு வீதி. பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊர் இந்த விளக்கைத் தூணில் ஏற்றியது. ஒரு ஊர் தன் மதிலை இடித்தவனுக்கு விளக்கு வைத்திருக்கிறது. அதன் அடியில் நின்று ஒருவன் பனியன் மூன்று நூறு ரூபாய் என்று கத்துகிறான்.

துணி எடுத்துவிட்டுத் தெற்குவாசல் வீட்டை எட்டிப் பார்த்தோம். பத்து நாளாகப் பூட்டிக் கிடக்கிற வீட்டின் வாசலில் அன்றைய கோலம். எதிர்வீட்டு இட்லிக்கடை அக்கா தினமும் போடுகிறாராம், பூட்டின வீடு மாதிரித் தெரியக் கூடாதென்று. பால்காரரைத் தாமே நிறுத்தியிருக்கிறார், பேப்பரை எடுத்து வைத்திருக்கிறார். "புதன்கிழமை ஒருத்தன் வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாண்ணே. யாருடா நீன்னேன். கரண்ட் ரீடிங்னான். ரீடிங் எடுக்குற தம்பிய எனக்குத் தெரியாதா? கரண்டியோட எந்திரிச்சேன், ஓடிட்டான்."

போன வருஷ ஆடியிலும் இதே அக்கா எதிரில்தான் இருந்தார். அன்று அவர் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பாதி வீடுகள் பூட்டு, ஊருக்குப் போய்விட்டார்கள். கேட்டுக்கு வெளியே வேலைக்கார அம்மாவின் பேரன்கள் வெடித்த சரம், உள்ளே நாங்கள் வெடித்ததைவிட நீளம்.

நவம்பர் 1, வெள்ளி

அமாவாசை. அழகர்கோவில் போனோம். பதினெட்டாம்படிக் கருப்பருக்கு உருவம் கிடையாது. மூடிய கோபுரக் கதவே சாமி, அதற்குத்தான் சந்தனம். மலையாளத்திலிருந்து அழகரின் சக்தியைத் திருட வந்தவர்களைப் படிக்கடியில் அடக்கி, கருப்பர் காவல் நின்றுவிட்டார் என்பது கதை. சித்திரையில் அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது அணிந்து போகிற நகைகளின் பட்டியலைக் கருப்பர் முன்னால் வாசிப்பார்கள். திரும்பி வந்ததும் கணக்குச் சரியா என்று மறுபடியும் அவர் முன்னால். சாமியே கணக்கு ஒப்புவித்துவிட்டுத்தான் கேட் தாண்டுகிறார்.

நவம்பர் 2, சனி

பதினான்காம் எண் வீட்டுப் பெரியவர். கூட்டத்தில் மின்வேலிக்கு முதலில் கை தூக்கியவர். தனியாக இருக்கிறார், பிள்ளைகள் வெளிநாடு. வியாழன் காலை முதல் இன்று பத்து மணி வரை வீட்டுக்குள்ளேயே, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார். திரையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன். உங்கள் பெயரில் போதைப் பார்சல், நீங்கள் டிஜிட்டல் அரெஸ்ட், கேமராவை அணைத்தால் ஜெயில். தீபாவளியன்று எண்ணெய்கூடத் தேய்க்காமல் இரண்டு வங்கிக் கணக்கைக் காலி செய்து அனுப்பிவிட்டார்.

போன ஞாயிறுதான் பிரதமர் வானொலியில் இதைப் பற்றியே பேசியிருந்தார், சட்டத்தில் அப்படி ஒரு அரெஸ்டே கிடையாது என்று. குடியிருப்பு வாட்ஸ்ஆப்பில் யாரோ பகிர்ந்தார்கள். பெரியவர் அதற்குக் கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

மூன்று நாளும் அக்கம்பக்கம் யாரும் கதவைத் தட்டவில்லை. இங்கே சொல்லாமல் போய்த் தட்டுவது மரியாதை இல்லை. வெள்ளியும் இன்றும் ஆவின் பாக்கெட் வாசலிலேயே கிடந்து வீங்கியிருந்ததைப் பார்த்து, அந்த வீட்டிலும் பாத்திரம் கழுவுகிற நம் அம்மாதான் வாட்ச்மேனிடம் ஓடியிருக்கிறார். வாட்ச்மேன் பின்பக்கச் சமையலறைக் கதவை முட்டித் திறந்திருக்கிறார். உள்ளே போனால் பெரியவர் வாயில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று ஜாடை காட்டினாராம், திரையில் இருந்தவனுக்குப் பயந்து.

சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு நான்தான் போன் போட்டேன். உடனே கூப்பிட்டிருந்தால் போகிற வழியில் பணத்தை முடக்கியிருக்க வாய்ப்பு உண்டு, இப்போது பார்க்கலாம் என்றார்கள். கேட் நோட்டைப் புரட்டினேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பதினான்காம் எண்ணுக்கு நேராக வருகையாளர் யாருமில்லை.

நவம்பர் 4, திங்கள்

கிளம்பினோம். சாவிக் கொத்தை வாட்ச்மேனிடம் கொடுத்து, இத்தனை சாவி ஒப்படைத்தேன் என்று நோட்டில் எழுதப் போனேன். "எழுதாதீங்க சார். எழுதுனா நான் பொறுப்பாயிருவேன். கம்பெனியில வைவாங்க." எழுதவில்லை. சாவியை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஆணியில் மாட்டாமல். பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். காலையில் நம் அம்மா அவருக்கு இட்லி கொண்டுபோனதாகச் சொன்னார். வெளியே போகிறவர்களுக்கும் ஓ.டி.பி. வேண்டுமாம். இந்தத் தடவை சிங்கப்பூர் சீக்கிரம் எடுத்தது.

மகன் வழியில் போன் செய்தான். "என்னப்பா, அட்வான்ஸ் போட்டுரட்டுமா?" போனை இவளிடம் கொடுத்தேன். இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "யோசிச்சுச் சொல்றோம்டா" என்பது மட்டும் கேட்டது.

தெற்குவாசல் போய்ச் சேரும்போது ஒன்பதே முக்கால். தெருவிளக்கு எரியவில்லை. பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே எதிரிலிருந்து இருட்டில் ஒரு குரல், "யாரது?"

"நாந்தாங்க்கா."

உள்ளே வந்ததும் இவள் மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டும் போட்டாள். படுக்கையறை ஜன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கி மாட்டினாள். சிறிது நேரம் கையை எடுக்காமல் நின்றாள். புழுக்கம். மின்விசிறியை ஐந்தில் வைத்தேன்.